முதல் கொப்பரைத் தீ

ஆலைக்குள் நுழையும் கரும்பு வெளியே வரும்போது இரண்டாகிவிடுகிறது. சாறு ஒரு பக்கம் ஓடுகிறது, சக்கை மறு பக்கம் விழுகிறது. சாறு கொப்பரைக்குப் போகிறது. சக்கை களத்தில் காய்ந்து, அதே கொப்பரைக்கு அடியில் எரிகிறது. பாலக்கோடு பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டாய்களில் விறகுக்கென்று தனியாக யாரும் அலைவதில்லை. கரும்பின் ஒரு பாதி எரிந்து மறு பாதியைக் காய்ச்சிவிடும். இந்த ஏற்பாட்டைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். அது எதை நம்பி நிற்கிறது என்பதை ஒரு மார்கழிக் காலையில்தான் கவனித்தேன்.

கொட்டாய் என் அக்கா வீட்டுக்காரருடையது. கரும்பு ஏற்றிய டிராக்டர் மேலிருந்து கால் தவறி விழுந்து, மாமா தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அதுவரை பதம் பார்த்தவர் அவர்தான். கொதிக்கும் பாகை எந்த நொடியில் அடுப்பிலிருந்து இறக்குவது என்று முடிவு செய்வதற்குப் பெயர் பதம் பார்ப்பது. முன்னதாக இறக்கினால் வெல்லம் கட்டாது, களி மாதிரி கிடக்கும். தாமதித்தால் தீய்ந்து போகும். அக்கா கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் சொல்லி ஒரு கொப்பரையும் இறங்கியதில்லை.

மாமாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசினார்கள். மாமாவின் தம்பி அடுத்த தெருவில் இருப்பவர், சொந்த டிராக்டர் உள்ளவர். பேச்சை அவர்தான் ஆரம்பித்தார்.

“அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரு கொப்பரை கெட்டுதுன்னா எந்தக் கரும்புக்காரனும் மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டான். இந்த வருசம் கொட்டாய நான் எடுத்துக்கறேன். அண்ணன் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“எடுத்துகினவங்க திருப்பிக் குடுத்ததா இந்த ஊர்ல எங்கியாச்சும் கதை இருக்குதா?” என்றாள் அக்கா.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு கொப்பரை அவ காய்ச்சட்டும்டா. கட்டினா அவ ஓட்டட்டும். கட்டலன்னா நீ எடுத்துக்க. நான் கேக்க மாட்டேன்.”

அதுவே முடிவானது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் பக்கம் பார்க்கிறவன். பொங்கலுக்கு முன்பே விடுப்பு எடுத்து வந்திருந்தேன். வெல்லம் பற்றி எனக்குத் தெரிந்தது தின்னத்தான்.

களத்தில் மாமா விழுவதற்கு முன்பு பிழிந்த சக்கை பரப்பிக் கிடந்தது. அது பாதி காய்ந்திருந்தபோது வானம் மூடிக்கொண்டது. போன வருடம் பக்கத்துக் கொட்டாயில் சக்கையை மூடாமல் விட்டு, மழையில் நனையக் கொடுத்ததைப் பார்த்து ஊரெல்லாம் சிரித்திருந்தது. அந்தச் சிரிப்பு அக்காவுக்கு மறக்கவில்லை. அவளும் நானும் எல்லாவற்றையும் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினோம், ஓரங்களில் கல் வைத்தோம். தூறல் சில நாட்கள் நீடித்தது. தார்ப்பாய்க்குள் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

வெயில் திரும்பிய காலையில் தார்ப்பாயை விலக்கினோம். அக்கா குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். முகம் மலர்ந்தது.

“சூடா இருக்குடா. உள்ள வரைக்கும் நல்லா காஞ்சிருக்கு. நீயும் கைய வெச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். இதமான சூடு. மாமாவின் தம்பியும் வந்து கையை விட்டார். “பரவால்ல அண்ணி, ரொட்டி மாதிரி வெந்திருக்கு” என்றார். குவியலிலிருந்து லேசான புளித்த வாடை வந்தது. வெல்லக் கொட்டாயில் புளித்த வாடை இல்லாத மூலை கிடையாது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்று கரும்பு கொண்டுவந்தவர் பெரியவர், நாலைந்து ஏக்கர்காரர். வேறு எந்தக் கொட்டாயிலும் முறை கிடைக்காமல், வெட்டிய கரும்பு வாடுவதைப் பார்க்க முடியாமல் எங்களிடம் வந்திருந்தார். கயிற்றுக் கட்டிலைக் கொப்பரைக்கு எதிரே இழுத்துப் போட்டு, சினிமா பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

“ஏம்மா, நீதான் பதம் பாக்கறியா?”

“ஆமாங்க.”

“சாமி கும்புட்டுட்டியா?”

“கும்புட்டாச்சுங்க.”

“நானும் கும்புட்டுகினுதான் வந்தேன்.”

தீ போடுகிறவர் ஓசூர் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், தீயை மட்டும் எல்லாரிடமும் ‘பெங்கி’ என்பார். அடுப்பு தரைக்குக் கீழே குழியாக இருக்கும். முன்னால் வாய், பின்னால் உயரமான புகைபோக்கி. அவர் அந்த வாய்க்கு எதிரே குழிக்குள் குந்தி, சக்கையைப் பிடிபிடியாக உள்ளே தள்ளுவார். எனக்குக் கிடைத்த வேலை கொதிக்கும் சாற்றின் மேல் திரளும் அழுக்கை நீளமான சல்லடைக் கரண்டியால் வழித்தெடுப்பது. நின்ற இடத்திலிருந்து கொப்பரை, அடுப்பின் வாய், புகைபோக்கி மூன்றையும் பார்க்கலாம்.

தொடக்கம் நன்றாக இருந்தது. குவியலின் மேல்பக்கச் சக்கை மஞ்சள் நாக்கு நீட்டி எரிந்தது. சாம்பல் பச்சையாக இருந்த சாறு சூடேறி, கறுத்த நுரை திரண்டது. அக்கா சுண்ணாம்புத் தண்ணீரும் வெண்டைத் தண்டு கசக்கிய வழவழப்பும் ஊற்றினாள். அழுக்கு மேலே வந்தது, நான் வழித்தேன், சாறு தெளிந்து பொன்னிறத்துக்குத் திரும்பியது. பெரியவர் கட்டிலில் சாய்ந்துகொண்டார்.

குவியலின் நடுப்பகுதிச் சக்கை அடுப்புக்குப் போன பிறகு கொதி தணிந்தது.

முதலில் நான் பார்த்தது புகைபோக்கியை. அதுவரை அதன் உச்சியில் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. இப்போது பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை கனமாக எழுந்து, மேலே போக மனமில்லாமல் கூரைப் பக்கம் சாய்ந்தது. உடனே அக்காவின் போன் அடித்தது. மாமா. படுக்கை ஜன்னலிலிருந்து புகைபோக்கி தெரியும்.

“பொகை வெள்ளையா வருது. என்ன பண்றீங்க அங்க?”

“காய்ச்சறோம்.”

“எரியுதா, புழுங்குதா?”

அக்கா போனை வைத்துவிட்டாள்.

தீ போடுகிறவர் தன் கணக்குப்படி மருந்து கொடுத்தார். தீ குறைந்தால் தீனி குறைவு என்று அர்த்தம். இரண்டு பிடி போட்ட இடத்தில் நாலு பிடி தள்ளினார். அடுப்பின் வாய் அடைத்துக்கொண்டது. புகை பின்னால் போகாமல் முன்னால் வந்து அவர் முகத்திலேயே அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் தள்ளினார்.

“பெங்கிக்குப் பசிங்க. போடப் போட வரும்.”

“வரும் வரும். நம்ம கண்ணுல தண்ணியா வரும்” என்றார் கட்டிலிலிருந்து பெரியவர். ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

வெல்லம் காய்ச்சுவதில் வேகம் ஒரு வசதி மட்டும் அல்ல. சாறு மளமளவென்று கொதித்து வற்ற வேண்டும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அதிலிருக்கும் சர்க்கரையே உருமாறிப் போகும். பிறகு எத்தனை காய்ச்சினாலும் கட்டாது, பிசுபிசுத்த கறுப்புப் பாகாகவே நிற்கும். கொப்பரையில் கொப்புளங்கள் ஒவ்வொன்றாகச் சோம்பேறித்தனமாக வெடித்தன. அக்கா என்னையும் பார்க்கவில்லை, கொழுந்தனையும் பார்க்கவில்லை. சாற்றை மட்டும் பார்த்தாள்.

மாமாவின் தம்பி கொட்டாய்க் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்படியே விட்டால் கொட்டாய் அவருக்கு வரும். ஆனால் அவர் முகம் சாவு வீட்டில் நிற்பவர் முகம் மாதிரி இருந்தது.

அக்கா களத்துக்குப் போனாள். குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி உருவினாள். அதை உள்ளங்கையில் வைத்து முறுக்கினாள். தண்ணீர் சொட்டவில்லை. ஆனால் கையை விரித்தபோது உள்ளங்கை பளபளத்தது. குவியலில் அவள் உருவிய ஓட்டையிலிருந்து, காலைக் குளிரில், மெல்லிய ஆவி எழுந்தது.

“இது காயலடா. வெந்திருக்கு” என்றாள்.

அந்த ஆவியைப் பார்த்த பிறகு மற்றது எனக்கு வரிசையாக விளங்கியது. சக்கையில் கொஞ்சம் இனிப்பும் நிறைய ஈரமும் மிச்சம் இருந்தன. காற்று போக முடியாமல் மூடிய குவியலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த இனிப்பைத் தின்று சூட்டை உண்டாக்கியிருந்தன. அதுவும் ஒருவகை எரிதல்தான், வெளிச்சம் இல்லாத, அவசரம் இல்லாத எரிதல். அடுப்புக்கென்று வைத்திருந்ததில் ஒரு பங்கு தார்ப்பாய்க்குள்ளேயே செலவாகியிருந்தது. அந்தச் சூட்டைத்தான் நாங்கள் எல்லாரும் கையை விட்டுப் பார்த்து, வெயிலின் சூடு என்று நம்பினோம். மழையிலிருந்து சக்கையைக் காப்பாற்றினோம். அதன் சொந்த ஈரத்திலிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஈரம் அடுப்புக்குள் என்ன செய்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தீ முதலில் தண்ணீரை ஆவியாக்கி விரட்ட வேண்டும், சூட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். மிஞ்சிய சூட்டில் சக்கை புகைந்து வாயுவை வெளிவிடும். அந்த வாயு காற்றோடு கலந்து பற்றினால்தான் சுவாலை. பற்றவில்லையென்றால் புகை. புகைபோக்கியிலிருந்து எழுந்த வெள்ளைப் பஞ்சு, எரிந்திருக்க வேண்டிய எரிபொருள் எரியாமலே ஊரைவிட்டுப் போவது. கரும்பு பத்து மாதம் வெயிலில் நின்று சேர்த்து வைத்தது தலைக்கு மேலே வீணாகிக்கொண்டிருந்தது. கொப்பரைக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்.

அக்கா நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அடுப்பின் குழிக்குள் இறங்கினாள்.

“நகருங்க.”

“என்னாம்மா பண்ணப் போற?” என்றார் தீ போடுகிறவர்.

“எல்லாத்தையும் வெளிய இழுக்கப் போறேன்.”

அவர் நகரவில்லை. கொப்பரையில் சாறு ஏறிவிட்டால் இறக்கும்வரை அடுப்பிலிருந்து எதையும் திரும்ப எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எடுத்தால் அடுப்பு கோபித்துக்கொள்ளும், கொட்டாய் விளங்காது என்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. மீறியவர்களும் யாரும் கிடையாது.

“அண்ணி, வேணாம்” என்றார் மாமாவின் தம்பி. “போட்டத எடுத்தா அணைஞ்சே போயிடும். கொஞ்ச நஞ்சம் இருக்கறதும் போவும்.”

“இருந்து என்ன புண்ணியம்? தொண்டையில துணிய அடைச்சிட்டு பாடச் சொன்னா பாடுமா?”

“கொட்டாய்க்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க.”

“கொட்டாய் உனக்கு வந்தப்புறம் நீ எடுக்காத. இப்ப என்னுது.”

பெரியவர் கட்டிலிலிருந்து இருமினார். தீ போடுகிறவர் நகர்ந்தார்.

அவள் இழுத்தாள். கருகியும் கருகாமலும் புழுங்கிய சக்கை, ஆவியும் புகையுமாக, சேறு மாதிரி குவியல் குவியலாக வெளியே வந்து விழுந்தது. கொட்டாய் முழுக்க எதுவும் தெரியவில்லை. போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. புகை விலகிய பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் கனத்துக்குக் கங்கு மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. செத்துப்போனது போலத்தான் இருந்தது. ஆனால் வாய் இப்போது திறந்திருந்தது. புகைபோக்கி உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாம்பல் தானாகக் கலைந்து, கங்கு ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கியது. யாரும் அதில் எதையும் போடவில்லை. அதற்கு வேண்டியிருந்தது காற்றுதான். வாயில் திணித்த சக்கை அதைத்தான் தடுத்திருந்தது.

கொட்டாய் மூலையில் கிடந்த தென்னை மட்டையும் பன்னாடையும் எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாக வைத்தோம். உடனே பற்றின, உடனே முடிந்தன. கொதி நிற்காமல் பிடித்து வைக்க அது போதும், காய்ச்ச அது போதாது.

“சோகை அள்ளிட்டு வரட்டுமா?” என்றேன். வயலில் கரும்பின் காய்ந்த தோகை கிடந்தது.

“பனியில நனைஞ்சிருக்கும். ஒரு ஈரத்த எடுத்துட்டு இன்னொரு ஈரத்த வெக்கவா?”

திரும்பிப் பார்த்தபோது மாமாவின் தம்பி கம்பத்தருகே இல்லை. அக்காவும் பார்த்தாள். பெரியவர்தான் சொன்னார், “போயிட்டாரா? சரி. பாக்க முடியலியாட்டம் இருக்கு.”

கடைசி மட்டை எரிந்துகொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. பெட்டி நிறையத் துவரை மிளார். தைக் குளிருக்கு வெந்நீர் காய்ச்சவென்று மாமாவின் தம்பி வீட்டுப் பின்னால் போர் போட்டு வைத்திருந்த காய்ந்த துவரைச் செடி, தொட்டாலே முறியும். மிளார்ச் சுமையின் மேல் அவர் மனைவி உட்கார்ந்து, இறங்குவதற்கு முன்பே திட்டிக்கொண்டிருந்தாள்.

“பாருங்கக்கா! குளிக்கற தண்ணி காய வெக்க வெச்சிருந்தேன். கேக்காம கொள்ளாம அள்ளிகினு வந்துட்டாரு. நாளையிலேருந்து இவருக்குப் பச்சத் தண்ணிதான்.”

“பச்சத் தண்ணியே ஊத்து” என்றார் அவர், மிளாரைக் கட்டுக் கட்டாகத் தள்ளிக்கொண்டே. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார், “என்னா பாக்கறீங்க? நல்ல சாறு கெட்டுப் போறத நின்னு பாத்துகினு இருக்க நான் என்ன கல்லா? கொட்டாய் பேச்சு வேற, கொப்பரை பேச்சு வேற.”

துவரை மிளார் பற்றியபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதலில் படபடவென்று வெடித்தது, பிறகு ஒரே சீரான உறுமல். தீ குழியின் வாயிலிருந்து பின்பக்கம் வரை ஒரு நீளத் துணி மாதிரி இழுபட்டு ஓடியது. கொட்டாயின் கருத்த கூரை மஞ்சளாகத் தெரிந்தது. அந்த மஞ்சள், சுவாலைக்குள் பறக்கும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வது. எரிந்து முடியும்வரைதான் அந்த ஒளி, அதன் பிறகு கரியும் இல்லை. தீ போடுகிறவர் இப்போது ஒரு பிடிக்கு மேல் போடவில்லை. போட்டார், எரியவிட்டார், மறுபடி போட்டார்.

“பெங்கிக்கு மூச்சு விட எடம் குடுக்கணுங்க” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஆமா ஆமா, காலையிலேருந்து அதத்தான சொல்லிகினு இருந்த” என்றார் பெரியவர்.

கொப்பரை சீறியது. சாறு விளிம்புவரை பொங்கி வர, அக்கா ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு அடக்கினாள். புகைபோக்கியின் உச்சியில் புகை இல்லை, காற்று மட்டும் நடுங்கியது. எங்கள் எல்லாருக்கும் அப்போதே மூச்சு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மாமாவின் தம்பி மனைவி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மிளார் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் தன் பையனின் கல்யாணத்தில் சாம்பார் அடுப்பு அணைந்த கதையைச் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். எல்லாரும் தேவைக்கு மேல் சிரித்தோம்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இனிமேல்தான் வேலை. நுரை சிறுத்து, கொப்புளங்கள் கனத்து, பாகு கரண்டியிலிருந்து நூலாக இறங்கியது. குண்டானில் இருந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். கரைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. விரலில் திரட்டினாள், நசுங்கியது. மாமாவின் தம்பி வாயைத் திறந்தார். அவர் மனைவி அவர் தோளில் இடித்தாள், மூடிக்கொண்டார். அடுத்த சொட்டை அக்கா தண்ணீருக்குள்ளேயே உருட்டி, எடுத்து, குண்டானின் விளிம்பில் தட்டினாள். கூழாங்கல் தட்டுகிற சத்தம்.

“எறக்கு.”

தீ போடுகிறவர் அடுப்பைவிட்டு விலகினார். கொப்பரைக் காதுகளில் கழியைக் கொடுத்து அவரும் மாமாவின் தம்பியும் தூக்கி, மரத்தொட்டியில் சாய்த்தார்கள். பாகு பரவியது. வழக்கமான வெல்லத்தைவிட ஒரு நிறம் கருப்பு. நடுவில் மந்தமாகக் கிடந்த நேரம் அந்த நிறத்தில் தெரிந்தது. அக்கா மரக்கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் ஓரம் மங்கியது. பளபளப்பு போய் மணல் மணலாகத் தெரிந்தது. பிறகு நடுவும் மங்கியது. அவள் கரண்டியை நட்டு வைத்துக் கையை எடுத்தாள். கரண்டி நின்றது.

துணியில் அள்ளி முதல் உருண்டையைப் பிடித்துப் பெரியவரிடம் கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் கடித்தார். மென்றார். எங்களைக் காக்கவைப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“கொஞ்சம் கருப்பா இருக்குது” என்றார்.

“இருக்குதுங்க.”

“எங்க வூட்டுக்காரியும் கருப்புதான். வெல்லம் நல்லா இருக்கு.” இன்னொரு கடி கடித்தார். “கீழ்க்காட்டுக் கரும்பு இன்னும் நிக்குது. அதுக்கு எப்ப முறை குடுப்ப?”

அக்கா தலையைக் குனிந்து அடுத்த உருண்டையைப் பிடித்தாள். அவள் தோள் இரண்டும் ஒரே சமயத்தில் இறங்கியதைப் பார்த்தேன். காலையிலிருந்து அவை தூக்கியே இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாமாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று நான் போன் செய்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். தூக்கக் கலக்கக் குரல்.

“கட்டிடுச்சு மாமா.”

“தெரியும். பொகை நின்னுடுச்சில்ல. நிம்மதியா தூங்கிகினு இருந்தேன், எழுப்பிட்டியே.”

மதியம் அக்கா அலுமினியச் சட்டியில் பழைய சோறும் மோரும் மாங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தாள். கை முழுக்கப் பாகு ஒட்டியிருந்தது, கழுவப் பொறுமை இல்லாமல் அப்படியே பிசைந்து சாப்பிட்டாள். களத்தில் அவள் கொழுந்தன் குவியலைக் கலைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கிளறும்போதும் ஆவி எழுந்தது. வாரி வாரி வெயிலில் மெல்லிசாகப் பரப்பினார். ஒரு வாரமாகச் சக்கைக்குள் அடைந்திருந்த சூடு காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

“அண்ணி, பெரியவர் கீழ்க்காட்டக் கேட்டாரே, என்னா சொன்னீங்க?” என்று அங்கிருந்தே கத்தினார்.

“சக்க காஞ்சப்புறம் சொல்றேன்னு சொன்னேன்.”

“எப்ப காயும்?”

“நீ கைய வெச்சுப் பாத்து சொல்லாத. முறிச்சுப் பாத்து சொல்லு” என்றாள் அக்கா, வாய் நிறையச் சோற்றோடு. அவர் ஒரு சக்கையை எடுத்து முறித்தார். அது முறியாமல் வளைந்தது. தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி பரப்ப ஆரம்பித்தார்.